ஜீப்புக்குள் ஒரு குருவி, அதைத் தேடியவருக்குக் கூலி உண்டா?

பழைய ஜீப் வைத்திருப்பவரிடம் போய் "வண்டியில் ஏதோ சத்தம் வருதே" என்று சொன்னால் சிரிப்பார். சத்தம் வராத ஜீப் எங்கே இருக்கிறது? கதவு ஆடும், தார்ப்பாய் படபடக்கும், பானெட் கொக்கி கடகடக்கும், டீசல் என்ஜின் தன் பாட்டுக்கு உறுமும். இதெல்லாம் சேர்ந்ததுதான் ஜீப். ஆனால் ஓட்டுகிறவருக்கு இந்தக் கச்சேரியில் ஒவ்வொரு வாத்தியமும் தெரியும். புதிதாக ஒன்று சேர்ந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது!

போடிநாயக்கனூரில் விடியற்காலை கிளம்பும் ஜீப்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக ஏறி, சாயங்காலம் திரும்ப இறக்கிவிடும் வண்டி. தொண்ணூறுகளில் வந்த மஹிந்திரா. ஓட்டுநரே உரிமையாளர். வண்டி ஒருநாள் நின்றால் ஒருநாள் வருமானம் போச்சு. அது மட்டுமா, அதை நம்பியிருக்கிற பத்துப் பெண்களுக்கும் அன்றைய கூலி போச்சு. இப்படி ஒரு வண்டியில் ஒரு திங்கட்கிழமை "கீச்... கீச்... கீச்" என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தது ஓட்டுநர்கூட இல்லை, பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா. "என்ன தம்பி, வண்டிக்குள்ள குருவி வளக்குறியா?"

மெதுவாகப் போனால் மெதுவாகக் கீச்சிட்டது. வேகம் கூடினால் அதுவும் வேகமாகியது. நாற்பதைத் தாண்டினால் காணாமல் போனது (உண்மையில் காணாமல் போகவில்லை, என்ஜின் சத்தத்தில் அமுங்கிவிட்டது, அவ்வளவுதான்). இதற்குப் பிறகு மூன்று வாரம் நடந்தது, பழைய வண்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் எப்போதாவது நடந்திருக்கும்.

முதல் பட்டறையில் "பிரேக் லைனர்ல தூசி அடஞ்சிருக்கும்ணே" என்று நாலு டிரம்மையும் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். 600 ரூபாய். சத்தம் இருந்தது. இரண்டாவது பட்டறையில் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு "வீல் பேரிங்" என்று தீர்ப்பு. இத்தனை வருடம் ஓடிய பேரிங் என்றால் ஏதாவது ஒரு முனகல் இருக்கத்தானே செய்யும்? இரண்டு பக்கமும் மாற்றியதில் 4,200. சத்தம் இருந்தது. அடுத்து ஸ்பிரிங் பட்டைகளின் புஷ்கள். 2,800. குருவி அப்போதும் பறக்கவில்லை. நான்காவதாக ஒருவர் தலையைச் சொறிந்துவிட்டு, "டிரான்ஸ்பர் கேஸைத்தான் இறக்கணும் போல. ரெண்டு நாள் நிக்கணும். ஒரு பதினெட்டாயிரம் ஆகும்" என்றார்.

இதில் யாரும் திருடர் இல்லை. அதுதான் விஷயமே. லைனரில் நிஜமாகவே தூசி இருந்தது. பேரிங்கும் பழையதுதான். புஷ்ஷும் தேய்ந்துதான் இருந்தது. "எப்படியும் மாத்த வேண்டியதுதானேண்ணே" என்று ஒவ்வொருவரும் சொன்னதும் பொய் இல்லை. ஆனால் ஓட்டுநர் காசு கொடுத்தது புஷ் மாற்ற இல்லை, சத்தம் போக. அதுவரை 7,600 ரூபாயும், மூன்று நாள் ஓட்டமும் போயிருந்தன.

பிறகு ஊர் ஓரத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் வண்டி போனது. அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. கேள்வி கேட்டார். கியரை நியூட்ரல் பண்ணி வண்டியை உருளவிட்டால் சத்தம் வருதா? வருதுண்ணே. பிரேக்கில் லேசாகக் கால் வைத்தால் மாறுதா? இல்லண்ணே. இடது பக்கம் ஒடித்தால், வலது பக்கம் ஒடித்தால்? ஒரே மாதிரிதான். கடைசியாக, வண்டியை எப்போது தண்ணீர் அடித்தீர்கள்? ஓட்டுநருக்கு இந்தக் கேள்வி புரியவில்லை. சத்தம் ஆரம்பித்ததற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் வாட்டர் சர்வீஸ் விட்டிருந்தார்.

இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு சல்லடை. நியூட்ரலில் உருளும்போதும் சத்தம் அதே வேகத்தில் வந்தால் என்ஜினும் கிளட்சும் கணக்கிலிருந்து போய்விடும். பிரேக்கைத் தொட்டும் மாறவில்லை என்றால் லைனரைச் சந்தேகிக்கக் காரணம் குறைவு. வண்டி திரும்பும்போது பாரம் வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகும், அதனால் வீல் பேரிங் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரு பக்கம் திருப்பும்போது கூடும், மறுபக்கம் திருப்பும்போது குறையும். அதுவும் இல்லை. ஒரு ரூபாய் செலவில்லாமல், ஒரு போல்ட்டும் கழற்றாமல், முதல் இரண்டு பட்டறைகளின் தீர்ப்பு அங்கேயே அடிபட்டுப் போனது!

அடுத்து பெரியவர் செய்த காரியம்தான் அழகு. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். காலி மைதானத்தில் வண்டியை ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டச் சொல்லி, பக்கத்திலேயே நடந்தபடி, கோடு ஒரு சுற்று வருவதற்குள் எத்தனை கீச் என்று எண்ணினார். ஐந்து. இன்னொரு தடவை ஐந்து. ஒரு தடவை ஆறு.

ஏன் இதை எண்ண வேண்டும்? ஜீப்பில் சக்கரமும், அதற்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாப்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. நடுவில் ஆக்சில் ஹவுசிங்குக்குள் கிரவுனும் பினியனும் இருக்கின்றன. பழைய ஜீப்களில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாப்ட் ஏறக்குறைய ஐந்து சுற்று சுற்றும். பழைய ஜீப்பின் 6.00-16 டயரின் சுற்றளவு இரண்டேகால் மீட்டர் பக்கம். நடை வேகம் மணிக்கு நாலு கிலோமீட்டர் என்றால் சக்கரம் ஒரு சுற்று முடிக்க இரண்டு விநாடி ஆகும். சக்கரத்திலிருந்தோ டிரம்மிலிருந்தோ வருகிற சத்தம் என்றால் சுற்றுக்கு ஒன்று, அதாவது இரண்டு விநாடிக்கு ஒன்றுதான் கேட்க வேண்டும். ஐந்து கேட்டால் ஷாப்ட் பக்கம் போ என்று அர்த்தம். மணிக்கு இருபதில் போகும்போது இதைக் காதால் எண்ண முடியாது, விநாடிக்குப் பன்னிரண்டு வந்துவிடும். நடந்தால்தான் எண்ண முடியும். சாக்பீஸ் ஒன்றுதான் இதற்கான கருவி.

ஷாப்ட் இரண்டு உண்டு. டிரான்ஸ்பர் கேஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு ஒன்று, முன் ஆக்சிலுக்கு ஒன்று. இந்த இடத்தில் ஓட்டுநர் சொன்னார்: "ஃபோர் வீல் போடலயேண்ணே, முன்னாடி ஷாப்ட் எப்படிச் சுத்தும்?" நியாயமான கேள்விதான். நான்கு சக்கர வண்டி வைத்திருப்பவர்களில் பலரே இப்படித்தான் நினைக்கிறார்கள், லீவரைப் போட்டால்தான் முன்பக்கம் உயிர் பெறும் என்று. ஆனால் முன் சக்கரத்தில் ஃப்ரீ வீலிங் ஹப் இல்லாத வண்டியில், லீவர் டூ வீலில் இருந்தாலும் முன் சக்கரம் தரையில் உருளும்போது அது தன் ஆக்சிலைச் சுற்றும், ஆக்சில் டிஃபரன்ஷியலைச் சுற்றும், அது ஷாப்டைச் சுற்றும். சக்தி போகாதே தவிர சுற்றல் நிற்காது. வேலை செய்யாவிட்டாலும் ஆபீசுக்குத் தினமும் வந்துபோகிற ஆள் மாதிரி :-)

பெரியவர் முன் ஷாப்டின் போல்ட்டுகளைக் கழற்றி அதை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, "இப்ப ஒரு சுத்து போயிட்டு வாங்க" என்றார். இப்படிப்பட்ட ஜீப் பின் ஷாப்டை வைத்துக்கொண்டே ஓடும். ஓட்டுநர் மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். குருவி பறந்துவிட்டிருந்தது!

இறக்கி வைத்த ஷாப்டின் முனையில் இருந்த கிராஸைக் கையால் மடக்கிப் பார்த்தால் ஒரு பக்கம் சுலபமாக மடங்கியது, இன்னொரு பக்கம் கல் மாதிரி இறுகியிருந்தது. மூடியைத் தட்டி எடுத்தபோது கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் பொடி மாதிரித் துரு. உள்ளே ஊசி ஊசியாக இருக்கும் பேரிங்குகள் காய்ந்து ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. பல நாள் கிரீஸ் ஏறாமல் வறண்டிருந்த இடத்தில் வாட்டர் சர்வீஸ் தண்ணீரும் புகுந்திருக்கிறது. கிரீஸ் நிப்பிள் இருந்தது, ஆனால் கிரீஸ் கன் நுழையாத பக்கமாகத் திரும்பி மாட்டப்பட்டிருந்தது. யாரோ, எப்போதோ, அவசரத்தில் மாட்டியது. முந்தைய பட்டறைகளில் ஷாப்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்காமல் இல்லை. ஆட்டம் இல்லை, அதனால் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். இறுகிப்போன கிராஸ் ஆடாது! வண்டியில் இருந்து இறக்கி மடக்கிப் பார்த்தால்தான் அதன் வேஷம் கலையும்.

இரண்டு முனைக்கும் புது கிராஸ் 900 ரூபாய். மாட்டுக்கூலி 400. கழற்றும்போதே ஷாப்டின் இரண்டு துண்டிலும் கோடு போட்டு வைத்து, மாட்டும்போது அதே கோட்டில் சேர்த்தார் பெரியவர் (ஒரு பல் தள்ளி மாட்டினால் இரண்டு முனையின் நுகங்களும் ஒரே தளத்தில் இருக்காது, அப்புறம் அதிர்வு என்று இன்னொரு வியாதி ஆரம்பிக்கும்). அதற்குப் பிறகு இன்னொரு தொகை சொன்னார். "கண்டுபிடிச்சதுக்கு முந்நூறு."

ஓட்டுநருக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மா ஒரு மணி நேரம் கூட நடந்து வந்ததுக்கு முந்நூறாண்ணே?"

எதற்கும் உதவாத வேலைகளுக்கு 7,600 ரூபாயைச் சத்தமில்லாமல் கொடுத்தவர், உதவிய ஒரே வேலைக்கு 300 கேட்டதும் சண்டைக்கு நிற்கிறார். இவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பேரிங் கண்ணுக்குத் தெரிகிறது, டப்பாவில் வருகிறது, பழையதைக் கையில் கொடுக்கிறார்கள், பில் இருக்கிறது. யோசனை எந்த டப்பாவில் வரும்? டாக்டரிடம் போய் "ஒண்ணுமில்ல, வெறும் கேஸ்தான்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு நிம்மதியாக வெளியே வருகிறவர்கள்தான் இவர்களும். அங்கே ஃபீஸ் என்பது பார்த்ததற்கு. பட்டறையில் பார்ப்பது இலவசம், மாற்றினால்தான் காசு என்று ஒரு வழக்கம் உட்கார்ந்துவிட்டது.

பார்ப்பது இலவசம் என்றால் என்ன ஆகும்? மெக்கானிக் சம்பாதிக்க ஒரே வழி எதையாவது மாற்றுவது. கூலி அதில்தான், ஸ்பேர்ஸில் கிடைக்கிற சிறு லாபமும் அதில்தான். ஒரு மணி நேரம் யோசித்து 450 ரூபாய் கிராஸைக் கண்டுபிடிப்பவரைவிட, பத்து நிமிடம் பார்த்துவிட்டு 4,200க்கு பேரிங் மாற்றுபவர் நன்றாகப் பிழைப்பார். பிறகு எந்தப் பையன் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு வண்டி பக்கத்தில் நடக்கக் கற்றுக்கொள்வான்?

பொருளாதாரத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது. 1970ல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது நல்ல சரக்கு சந்தையை விட்டே போய்விடலாம் என்பது அதன் சாரம். 2001ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். பட்டறைக்கு அதைவிடப் பொருத்தமானது 1973ல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் எழுதியது. சில சேவைகளில், வாங்கிய பிறகும் அது தேவைதானா என்று வாங்கியவருக்குத் தெரியாது. பழுதுபார்ப்பு அப்படிப்பட்டது. பழுது என்ன என்று சொல்பவரும் அவரே, அதைச் சரிசெய்து காசு வாங்குபவரும் அவரே. நம்பினால்தான் உண்டு. போடி ஓட்டுநருக்கு இன்று வரை தெரியாது, அந்தப் பேரிங் இன்னும் எத்தனை வருடம் ஓடியிருக்கும் என்று. மாற்றிய மெக்கானிக்குக்கும் தெரியாது.

ஆக, கண்டுபிடிப்பதற்குத் தனிக்கூலி என்பது பெரியவரின் பேராசை இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க இருக்கிற நேர்மையான வழி அதுதான். பார்த்ததற்கு முந்நூறு உறுதி என்றால் "உங்க பேரிங் நல்லாத்தான் இருக்கு, போங்க" என்று சொல்வதில் மெக்கானிக்குக்கு நஷ்டம் இல்லை. இன்று அப்படிச் சொல்கிற மெக்கானிக் தன் கைக்காசைப் போட்டுத்தான் சொல்கிறார்.

மாற்றிப் பார்ப்பதே தப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. ஃப்யூஸ், பல்பு மாதிரி மலிவாக, ஐந்து நிமிடத்தில் மாற்றுகிற சமாச்சாரத்தை மாற்றிப் பார்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஓட்டம் நின்றால் வருமானம் போகிறவருக்கு ஒரு மணி நேரமும் காசுதான். ஆனால் எந்த வரிசையில் என்பதில்தான் இருக்கிறது கணக்கு. முதலில் காசில்லாத சோதனை, பிறகு மலிவான சோதனை, கடைசியில்தான் டிரான்ஸ்பர் கேஸை இறக்குவது. நடைமுறையிலோ ஒவ்வொரு பட்டறையும் தனக்குப் பழக்கமான சாமானில் ஆரம்பிக்கிறது. இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஒரே நாளில் மூன்று சாமானை மாற்றி சத்தமும் நின்றுவிட்டால், எது போனது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த முறை அதே சத்தம் வந்தால் மறுபடி மூன்றும்.

வண்டிக்காரர்கள் பக்கமும் பாவம் இருக்கிறது. "சத்தம் வருதுண்ணே, என்னனு பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். எப்போது ஆரம்பித்தது, எந்த வேகத்தில், காலையில் குளிரிலா, சூடான பிறகா, ஏற்றத்திலா, இறக்கத்திலா, காலியாகவா, ஆள் ஏற்றியா, அதற்கு முன்னால் வண்டியில் என்ன வேலை நடந்தது... தினமும் ஓட்டுகிறவருக்குத்தான் இதெல்லாம் தெரியும். மெக்கானிக் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. சத்தம் வருகிற இடத்தைக் காதை வைத்து மட்டும் சொல்லவும் முடியாது. இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேரத்தில், அளவில் இருக்கும் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணக்குப் போடுகிறது. ஜீப்போ இரும்புத் தொட்டி. முன்னால் எழும் சத்தம் ஃப்ரேம் வழியாக ஓடி, தொட்டிச் சுவரில் மோதி, பின் சீட்டுக்கு அடியில் கேட்கும். பாவம் அந்த அம்மா, குருவி தன் சீட்டுக்கு அடியில் இருப்பதாகத்தான் கடைசிவரை நம்பினார்.

இவ்வளவு கவலை ஒரு கீச் சத்தத்துக்கா என்று கேட்கலாம். ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. பிளாஸ்டிக் கதவுப் பட்டை சத்தம் என்றால் தாராளமாகக் கூட்டி வைக்கலாம். ஆனால் காய்ந்த கிராஸ் கீச்சிட்டுக்கொண்டே இருக்காது. தேய்ந்து, ஆட்டம் கண்டு, கியர் மாற்றும்போது "டங்" என்று ஒரு தட்டு கேட்க ஆரம்பித்து, ஒருநாள் உடையும். ஓடுகிற வண்டியில் ஷாப்டின் முன்முனை கழன்று தரையில் குத்தினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே வேண்டாம். பின் ஷாப்ட் போனால் வேறு மாதிரி ஆபத்து. லீவர் டூ வீலில் இருக்கும்போது இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற என்ஜின் பிடி அந்த ஷாப்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. பழைய வில்லிஸ் வழி வந்த ஜீப்களில் கைபிரேக்கே டிரான்ஸ்பர் கேஸின் பின்பக்கம் அந்த ஷாப்டைத்தான் பிடிக்கும். ஷாப்ட் உடைந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் போய்விடும், மிச்சம் கால் பிரேக் மட்டும். போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுகளில், சாயங்கால மூடுபனியில், பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க அப்படி நடக்க வேண்டுமா? இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் முந்நூறு ரூபாய் பெரிய தொகையா?

இதை அந்தப் பெரியவர் இப்படி விளக்கவெல்லாம் இல்லை. கழற்றிய கிராஸை ஓட்டுநரின் உள்ளங்கையில் வைத்து, "மடக்கிப் பாருங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். ஓட்டுநர் மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு இருநூறு கொடுத்தார், மீதி நூறைச் சனிக்கிழமை கொண்டுவந்து கொடுத்தார். கிரீஸ் நிப்பிள் இந்த முறை கை எட்டுகிற பக்கம் பார்த்து மாட்டப்பட்டிருந்தது. வாட்டர் சர்வீஸ் விட்டால் அன்றைக்கே கிரீஸ் அடித்துவிட வேண்டும் என்பது மட்டும் பெரியவரின் உத்தரவு.

அடுத்த வாரம் அதே ஜீப்பில் புதுச் சத்தம். குண்டு குழியில் மட்டும் "டொக்". ஓட்டுநர் இந்த முறை பட்டறைக்கு ஓடவில்லை. காலியாக ஓட்டிப் பார்த்தார், வந்தது. என்ஜினை அணைத்துவிட்டு வண்டியைக் கையால் உலுக்கிப் பார்த்தார், அப்போதும் வந்தது. பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். டூல்ஸ் டப்பாவுக்குள், யாருக்காவது காட்டலாம் என்று அவரே எடுத்துவைத்திருந்த பழைய கிராஸ் உருண்டுகொண்டிருந்தது.